கடைசி முடிச்சு யாருடையது

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடல் கடந்தேன். அதில் மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வாசகம். நேரில் பார்த்தேன். அடையாள அட்டையைப் பார்த்தேன். பெயர் பொருந்துகிறது. மூன்றிலும் குறியிட்டுக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காகவா ஒரு மனுஷி சிவகாசியிலிருந்து யாழ்ப்பாணத்துத் தீவுகள் வரைக்கும் போவாள் என்று அச்சக முதலாளி கேட்டார். நாற்பத்தெட்டு வயதில் என்னை வேறு எதற்காகவும் யாரும் கடல் கடக்கச் சொல்லவில்லை. போனேன்.

அது 2004, ஆடி மாதம். போர்நிறுத்தம் இருந்தது. இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், சொல்லிவிட்டு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கிறவள். தினக்காட்டி, கலியாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ். அந்த நாளில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் எறும்புப் புற்றை உதைத்த மாதிரி இருக்கும். பழைய எழுத்துருவில் கிடப்பதை எங்கேயும் படிக்கும்படி மாற்றித் தரும் ஒரு சின்ன நிரலை ஒருத்தி எழுதினாள். பெயர் எழுத்துமாற்றி. விலை கிடையாது. யாரும் எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவள் றெஜினா. ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொன்.

அவளுடைய தீவில் இணையம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாண டவுனுக்கு வந்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்புவாள். நான் அதை எளிதாக நிறுவும்படி பொதியாகக் கட்டி, எங்கள் தன்னார்வக் குழுவின் தளத்தில் ஏற்றுவேன். குழுவில் பல நாட்டுத் தமிழர்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. மூன்று வருடம் இப்படி ஓடியது. அவள் குரலைக்கூட நான் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் புதிய பதிப்புக்குள் வேண்டாத வரிகள் இருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். நிறுவியவரின் கணினியில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்துச் சத்தமில்லாமல் எங்கோ அனுப்பும் வரிகள். குழுவின் மடலாடல் கொதித்தது. அந்தக் கொதிப்புக்கு ஒரு தலைப்பு வைத்தார்கள்: ‘உளவு நிரல் - றெஜினா’. யார் இந்த றெஜினா, யாராவது கண்டதுண்டா, சண்டை நடந்த ஊரிலிருந்து யாருக்காக எழுதுகிறாளோ. ஒருங்கிணைப்பாளர் முடிவு சொன்னார். யாராவது நேரில் போய் அட்டையைச் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் பெயரை நீக்கி நிரலை மூடிவிடுவோம்.

நான் போகிறேன் என்றேன். வீராப்பாகக் கிளம்பினேன். சந்தேகத்தோடும்தான் கிளம்பினேன். அதை மறைக்கப் போவதில்லை.

முதல் நாள் ஊர்காவற்றுறைக்கு மினிபஸ். பண்ணைப் பாலத்தின் நடுவில், இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல் பளபளக்க, பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். எங்கள் ஊரில் இப்படி நின்றால் பஸ்ஸுக்குள் ஒரு சட்டசபை கூடிவிடும். இங்கே எல்லாரும் பேசாமல் இறங்கினார்கள். இறங்கிய கையோடு எல்லாரும் செய்த ஒரு வேலை எனக்கு விசித்திரமாகப் பட்டது. அவரவர் மூட்டையை அவரவர் கையில் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே தனியாகக் கிடந்தது ஒரே ஒரு பை. என் பையை நான் இருக்கையிலேயே விட்டிருந்தேன். நடத்துநர் அதை இரண்டு விரலால் தூக்கி வந்தார்.

“அக்கா, இது உங்கடையோ? உங்கடை எண்டால் உங்களோட வைச்சிருங்கோ.”

நல்ல மரியாதைதான். ஆனால் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்திருந்தார்.

சோளகக் காற்று சேலையைக் கொடி மாதிரி அடித்தது. ஆடியில் இந்தத் தீவுகளை அந்தத் தென்மேற்குக் காற்றுதான் ஆள்கிறது. வெட்டவெளி, தலையில்லாத பனைகள், கூரையில்லாத கல்வீடுகள். எங்கள் சிவகாசியும் காய்ந்த பூமிதான். ஆனால் எங்கள் வெயில் ஒரு வேலைக்காரி. தீப்பெட்டி உலர்த்தும், வெடிமருந்து உலர்த்தும், அச்சுமை உலர்த்தும். இங்கே வெயில் வேலையற்று வீடுகளுக்குள் உட்கார்ந்திருந்தது.

கரம்பொனில் றெஜினாவின் வீடு. அண்ணன் கடலுக்குப் போயிருந்தார். அண்ணி ஜெசிந்தா வாசலில் மீன்வலையை இழுத்துப் போட்டுக்கொண்டே என்னை அளந்தாள்.

“அவா இஞ்ச இல்லை. கிழமையில ரெண்டு நாள் நெடுந்தீவில கொம்பியூட்டர் படிப்பிக்கிறவா. நேற்றுத்தான் போனவா. நீங்கள் ஆர்?”

பெயரைச் சொன்னேன். வலை அவள் கையில் நின்றது.

“ஓ, அந்தச் சிவகாசி அக்காவோ! வாங்கோ, வாங்கோ. றெஜினா மச்சாள் உங்களைப் பற்றி ஒரே கதைதான். தான் அனுப்புறதைக் கவனமாக் கட்டி ஏத்துறது நீங்கள்தானாம். கவனமான மனிசியாம்.”

கவனமான மனுஷி பாணும் கணவாய்க் கறியும் தின்றேன். பாணைப் பிய்த்துக் கறியில் தோய்க்கும்போது கறி விரலிடுக்கில் வழிந்தது. ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்கு என்று வளர்ந்தவள் நான். இங்கே அது வேறு சாதிச் சாப்பாடு. கணவாய் பல்லுக்குக் கீழே வழுக்கி, பிறகு மனம் மாறி மெத்தென்று விட்டுக்கொடுத்தது. சம்பலின் உறைப்பு காதுவரை போனது. ஜெசிந்தா சிரித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டுப் பாண் கேட்டேன். தோற்றுப் போவதாக இல்லை.

பையிலிருந்த தாளை அவளிடம் காட்டவில்லை.

மறுநாள் காலை குறிகட்டுவான் இறங்குதுறை. ஒரு பக்கம் நயினாதீவுப் படகு. அம்மனுக்குப் போகும் தாம்பாளங்களும் விகாரைக்குப் போகும் வெள்ளை உடுப்புகளும் அதில் ஒரே பலகையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மறுபக்கம் நெடுந்தீவுப் படகு. அதில் சீமெந்து மூட்டை, கோழிக்கூடு, சைக்கிள், ஒரு நாற்காலி, மனிதர்.

நான் பலகையில் கால் வைக்கும்போது ஒரு மனிதர் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“அக்கா, நெடுந்தீவோ போறியள்? துறையில என்ர தங்கச்சி நிப்பா, நீலக் குடையோட. இதை ஒருக்காக் குடுத்து விடுங்கோ.” சணல் கயிறு கட்டிய ஒரு பார்சல். கொடுக்கும் முன்பே முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு உதவி செய்ய வந்த இடத்தில், கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பதா? “ஐயோ, வேண்டாங்க. நான் உங்களை நம்புறேன்” என்று பார்சலைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். பின்னாலிருந்து அவர் கத்தினார். “அக்கா, திறவுங்கோ! திறந்து பாருங்கோ!” நான் பெருந்தன்மையாகக் கையை ஆட்டினேன்.

படகில் வெறும் தயிர்க் கேன்களோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், காற்றை மீறும் குரல். பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. தயிரை விற்றுவிட்டு ஊர் திரும்புகிறார்.

“பிள்ளை, ஆற்றை பார்சல் அது?” யாருடையது என்று கேட்கிறார்.

“ஒருத்தர் குடுத்தார்.”

படகே என்னைத் திரும்பிப் பார்த்தது. கோழிகள்கூட.

“ஆர் அந்த ஒருத்தர்?”

“பேர் கேக்கலை. நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார்.”

“நல்ல மனிசன் மாதிரி!” பாக்கியம் படகைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். “உள்ளுக்கு என்ன கிடக்குதெண்டு நீர் பாத்தனீரோ?”

“இல்லை.”

“இந்தியாவில இருந்து வந்தவா போல” என்றார் ஒருவர். “படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா.”

“எந்த ஊர்?”

“சிவகாசி.”

“எட, சீனவெடி செய்யுற ஊரோ!”

என் பக்கத்திலிருந்தவர் இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்தார். படகு முழுக்கச் சிரிப்பு. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

“இறங்கும். திறந்து பாத்திட்டு ஏறும். அதுமட்டும் வள்ளம் வெளிக்கிடாது.”

எனக்குக் கோபம் வந்தது. நம்பியது ஒரு குற்றமா? இருபது பேர் பார்க்க இறங்கினேன். சைக்கிள்காரர் அங்கேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்தது நன்றி இல்லை, மனத்தாங்கல். பிரித்தேன். ஒரு சோடிச் செருப்பு, குளிசைகள், ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். எண்ணெயின் மூடி தளர்ந்திருந்தது. அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். இறுக்கினேன். திறக்காமல் விட்டிருந்தால் என் மூன்று கட்டத் தாள் எண்ணெயில் குளித்திருக்கும்.

அவர் கட்டுவதற்குக் கயிறை எடுத்தார். படகிலிருந்து குரல் வந்தது.

“அவர் கட்டப்படாது! கொண்டு வாறது நீர். நீர் கட்டும்.”

கட்டினேன். அச்சகத்துக் கட்டு. குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று, மேலே பூமுடிச்சு. சோதனைக்கு நின்ற கடற்படைக்காரர் பார்சலைக் காட்டி யாருடையது என்று சைகையில் கேட்டார். என்னுடையது என்றேன். உள்ளே என்ன என்றார். செருப்பு, மருந்து, எண்ணெய் என்றேன். சொல்ல முடிந்தது. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய பலம் என்று, சொல்ல முடியாமல் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

படகு அசைந்த பிறகு பாக்கியம் தயிர்க் கேனைத் தள்ளி எனக்கு இடம் விட்டார்.

“கோவிக்காதையும். முந்தி ஒருக்கா ஒரு பார்சல் பிடிபட்டது. ஆற்றை எண்டு கேக்க, கொண்டு வந்தவர் ‘ஆரோ தந்தது’ எண்டிட்டார். முழு வள்ளமும் பொழுதுபடுமட்டும் வெய்யிலுக்க நிண்டது. அண்டையில இருந்து இந்தத் துறையில அந்தக் கதைக்கு இடமில்லை. பத்துப் பேற்றை கை மாறினாலும் பத்துப் பேரும் திறந்து பாத்துத் தங்கட கையால கட்டோணும். கடைசி முடிச்சு ஆற்றையோ, அவைதான் பதில் சொல்லோணும்.”

“குடுத்தவர் மனசு நோகாதா?”

“திறக்காட்டித்தான் நோகும். தான் வைச்சதைப் பாக்காமக் கொண்டு போனால், நாளைக்கு என்ன நடந்தாலும் பழி அவருக்கெல்லோ?”

எங்கள் ஊர் லாரி செட்டில் பெட்டிகள் ராத்திரி பகலாக ஏறுகின்றன. யாரும் திறப்பதில்லை. சீட்டில் முத்திரை இருந்தால் போதும். நாங்கள் ரப்பர் முத்திரையை நம்பி, பெட்டியை மறந்துவிடுகிற ஜனம். அலை படகைத் தூக்கிப் போட்டது. சாப்பிட்டதைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தேன். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கடலால் மட்டும் இல்லை.

நெடுந்தீவுத் துறையில் நீலக் குடை நின்றது. அந்தப் பெண் என் கண்முன்னாலேயே பார்சலைப் பிரித்தாள். இந்த முறை எனக்கு நோகவில்லை.

கோவில் பக்கத்து அறையில் நான்கு பழைய கணினிகள். றெஜினா ஒன்றின் வயிற்றைத் திறந்து தூரிகையால் உப்புத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த கை, ஆண்பிள்ளைக் கடிகாரம். பெயர் சொன்னதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தேத்தண்ணி வந்தது. கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பும் சீனியும் ஒரே மடக்கில் சண்டை போட்டன.

“அக்கா, உங்களுக்கு முன்னமே உங்கட கதை வந்திட்டுது. சீனவெடிக்காரியை வள்ளத்தால இறக்கினவையாம்!”

அவள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்துத் தாளை மேசையில் வைத்தேன். தலைப்பைச் சொன்னேன். உளவு நிரல்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“அந்தச் சொல்லை இஞ்ச சத்தமாச் சொல்லாதேங்கோ. உங்களுக்கு அது ஒரு மெயிலின்ர தலைப்பு. இஞ்ச ஒரு பேருக்குப் பக்கத்தில அந்தச் சொல் இருந்தாக் காணும். எந்தப் பக்கத்தில இருந்து வருவினமெண்டு தெரியாது. என்ர அண்ணாவும் கடலுக்குப் போறவர்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதமாக அந்தத் தலைப்பு உலகம் பார்க்கத் திறந்த பக்கத்தில் கிடக்கிறது. ஊர் பெயரோடு.

“அதைத்தான் நீக்கப் போறோம். அட்டையை மட்டும் காட்டு. குறி போட்டுட்டுப் போயிடுறேன்.”

“ஏலாது.”

“என்னம்மா?”

“ஐசி காட்ட ஏலாது.” அடையாள அட்டையை இங்கே ஐசி என்றுதான் சொல்கிறார்கள். “வள்ளம் ஏறேக்க காட்டினனான். இறங்கேக்க காட்டினனான். டவுனுக்குப் போக நாலு இடத்தில காட்டுறனான். அந்த அட்டையில என்ர பேர்கூடப் பிழை. இடம்பெயர்ந்த இடத்தில எடுத்தது, எழுதினவர் ரஜனி எண்டு போட்டிட்டார். அதைப் பாத்து எல்லாரும் நான் ரஜனி எண்டு நம்புகினம். நல்லது. ஆனா நான் புரோகிராம் எழுதுற இடத்தில மட்டும் ஒருத்தரும் ஐசி கேக்கேல்லை. எழுதினதைத்தான் பாத்தவை. அங்கயும் வந்திட்டீங்களோ, அக்கா?”

“காட்டலைன்னா உன் பேரை எடுத்துடுவாங்க.”

“எடுக்கட்டும். ஐசியைக் காட்டி என்ர பேரை நான் வைச்சிருக்க மாட்டன்.”

எனக்கு ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு தூரம் வாந்தியெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் அலுமாரியைத் திறந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தாள்.

“என்னைப் பாக்க வேண்டாம். இதைப் பாருங்கோ.”

ஒரு நிரல் முழுவதையும் கணினியில் கொடுத்துச் சுருக்கினால் ஒரு நீண்ட எண் வரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். அனுப்பியதும் வந்து சேர்ந்ததும் ஒன்றுதானா என்று பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த எண்ணைத் தேதியோடு கையால் எழுதி வைத்திருந்தாள். எழுதியதோடு விடவில்லை. ஒவ்வொரு முறையும் தனி மின்னஞ்சலில் அந்த எண்ணைக் குழு முழுவதற்கும் அனுப்பியிருந்தாள். எனக்கும் வந்திருக்கிறது. கடிதத்தின் கடைசியில் வரும் வணக்கத்தைத் தாண்டுவதுபோல நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

கெட்ட பதிப்புக்குள் இருந்த நிரல்கோப்பின் எண், நான் கொண்டுவந்திருந்த குழுவின் புகார்த் தாளில் இருந்தது. பக்கத்தில் வைத்தோம். அவள் எண் ஏழில் தொடங்கியது. புகாரில் இருந்த எண் மூன்றில் தொடங்கியது. மேற்கொண்டு ஒப்பிட எதுவும் இல்லை.

“நான் அனுப்பினது இது. நீங்கள் எல்லாரும் எடுத்தது அது” என்றாள். “ரெண்டுக்கும் இடையில ஆர்?”

எனக்குத் தெரிந்தது. அந்தக் கணமே தெரிந்தது. பங்குனியில் ஒரு சனிக்கிழமை. கோவில் நோட்டீஸ் வேலை தலைக்கு மேல். குழுவில் புதிதாக வந்த ஒருவர், இனிமையான தமிழில், நிறுவுவதை எளிதாக்கும் சில வரிகள் எழுதியிருக்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார். நல்ல மனிதர் மாதிரி இருந்தார். திறந்து படிக்காமல் றெஜினாவின் கோப்புக்குள் ஒட்டி, பொதி கட்டி, ஏற்றினேன். அவர் அதன் பிறகு எழுதவே இல்லை. மறந்துபோனேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. புகார் வந்த நாளில் அந்தச் சனிக்கிழமை ஒருமுறை மனதில் எட்டிப் பார்த்தது. நான் கதவைத் திறக்கவில்லை.

“பார்க்கணும்” என்றேன். அவள் கொப்பியை மூடினாள்.

மறுநாள் திரும்பும் படகில் அவளும் வந்தாள். துறையில் ஒரு ஆசிரியை அவளிடம் விடைத்தாள் கட்டைக் கொடுத்தார். றெஜினா அவிழ்த்தாள், எண்ணாமல் விரலால் புரட்டிப் பார்த்தாள், தன் கையால் கட்டினாள். பேச்சோடு பேச்சாக, மூச்சு விடுவதுபோல. அதைப் பார்த்ததும் எனக்கு இருக்க முடியவில்லை.

“றெஜினா. இடையில இருந்தது நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, இனிமையான தமிழ், ஒட்டியது, மறந்தது, மறக்காதது. காற்று பாதி வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு போனது. மீண்டும் சொன்னேன். அவள் விடைத்தாள் கட்டை மடியில் இறுக்கிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

“சீனவெடி இப்பதான் வெடிக்குது” என்றாள்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“மூண்டு மாசம், அக்கா. மூண்டு மாசம் என்ர பேர் அந்தச் சொல்லோட கிடந்தது. நெடுக நினைச்சனான், சிவகாசி அக்கா எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவா எண்டு.”

“இப்பச் சொல்றேன். ஆனா ஒண்ணு யோசி. நான் செஞ்சதைச் சொல்லிட்டா என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லாமப் போயிடும். உன்னை நேர்ல பார்த்தேன்னு நான் எழுதினாலும் நம்ப மாட்டாங்க. அப்புறம் உனக்கு யார் சாட்சி? சொல்லாம இருந்தா, குறி போட்டு, உன் பேரைக் காப்பாத்திடலாம்.” இதைச் சொன்னது நான்தான். இப்போது எழுதவே கூசுகிறது.

அவள் திரும்பினாள். கண்ணில் உப்பா கோபமா, தெரியவில்லை.

“பொய்க் குறி போட்ட பேர் எனக்கு வேண்டாம். உங்கட சாட்சியும் வேண்டாம். அந்த எண் எல்லாற்றை பெட்டியிலயும் கிடக்குது. ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு நிமிசம் போதும். ஒருத்தரும் பாக்கேல்லை. ஐசியைத்தான் கேட்டவை. அதைக் கேளுங்கோ அவையளிட்டை.”

ஐந்தாம் நாள், யாழ்ப்பாண டவுன். மாடியில் ஒரு நெட் கஃபே, மூன்று கணினி, ஒரு மின்விசிறி, கீழே பேக்கரியிலிருந்து பணிஸ் வாசனை. றெஜினா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தட்டச்சிட்டேன். பதினைந்து வருடமாகப் பிறர் எழுத்தைக் கோத்த விரல்கள். இப்போது என் எழுத்தைக் கோத்தன.

‘கெட்ட வரிகளைச் சேர்த்தது நான். யாரோ தந்தார்கள், படிக்காமல் ஒட்டினேன். ஆனால் கட்டியது நான், ஏற்றியது நான். றெஜினா அனுப்பியதன் எண் அன்றே உங்கள் எல்லாருக்கும் வந்திருக்கிறது. தேடி எடுத்து ஒப்பிடுங்கள். நான் ஒப்பிடவில்லை. நீங்களும்தான் ஒப்பிடவில்லை. கையில் இருந்த எண்ணைப் பார்க்காத நாம், கடல் கடந்து ஒருத்தியின் அட்டையைப் பார்க்க ஆள் அனுப்பினோம். அந்தத் தலைப்பை இன்றே மாற்றுங்கள். யார் பெயராவது இருக்க வேண்டுமென்றால் என் பெயரைப் போடுங்கள்.’

முழுப் பெயர், ஊர், அச்சகத் தொலைபேசி எண் எல்லாம் போட்டு அனுப்பினேன். இணைப்பு இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை போனது. கீழே போய்ப் பணிஸ் வாங்கி வந்து தின்றோம். சீனி தூவிய மேல்பக்கத்தை அவள் முதலில் தின்றாள்.

ஒருங்கிணைப்பாளரின் பதில் வந்தது. ‘பொதி ஏற்றும் உங்கள் உரிமை இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது. அது சரி, அட்டையைப் பார்த்தீர்களா?’

‘பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். அது அவள் எழுதியதைப் பற்றி எதுவும் சொல்லாது’ என்று எழுதினேன். றெஜினா தோளால் என்னை இடித்தாள்.

பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றியது. கடைக்காரர் இரண்டு தரம் வந்து மணி காட்டினார். அப்புறம் கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார், முன்பு மிகவும் கொதித்தவர். ‘எண்ணைத் தேடி எடுத்தேன். ஒப்பிட்டேன். றெஜினா அனுப்பியது சுத்தம்.’ இன்னொருவர்: ‘நானும் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும்.’ பிறகு இரண்டு பேர். பக்கத்தைப் புதுப்பித்தபோது தலைப்பு மாறியிருந்தது. அவள் பெயரும் இல்லை, அந்தச் சொல்லும் இல்லை. என் பெயர் இருந்தது. கவனக்குறைவு என்று பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

றெஜினா அதை வாய்விட்டுப் படித்தாள். “உங்கட பேர் வடிவாத்தான் கிடக்குது” என்றாள்.

மூன்று கட்டத் தாளைப் பணிஸ் எண்ணெய் துடைக்கப் பயன்படுத்தினேன்.

பஸ் நிலையத்தில் அவள் ஒரு பார்சல் தந்தாள். நான் அங்கேயே, கூட்டத்தின் நடுவில், தரையில் குந்திப் பிரித்தேன். ஜெசிந்தா பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துக் கொடுத்த புழுக்கொடியல், எழுத்துமாற்றியின் அடுத்த பதிப்பு இருக்கும் ஒரு வட்டு, கையால் எழுதிய எண். இனிமேல் அதை ஏற்றப்போவது நான் இல்லை. கனடாக்காரர் ஏற்றுவார், ஒப்பிட்டுவிட்டு. அவருக்கு அனுப்புவது மட்டும் என் வேலை. கட்டினேன். அவள் என் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“இப்ப சரி.”

கொழும்பு விமான நிலையத்தில், பயணப் பெட்டி வாங்கும் மேசையில் இருந்த இளம்பெண் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். பையைக் கட்டியது நீங்கள்தானா? வேறு யாராவது ஏதாவது கொடுத்து அனுப்பினார்களா?

முதலாவதற்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்று சொல்வதுதான் வழக்கம். என் பின்னால் வரிசையில் நின்ற எல்லாரும் அப்படித்தான் சொல்லப்போகிறார்கள். பாதிப்பேர் பையில் யாரோ ஒருவரின் மிளகாய்த்தூள் இருக்கும்.

“ஓம்” என்றேன். அந்தச் சொல் என் வாயில் முதல்முறையாக வந்தது. “கொடுத்து அனுப்பினார்கள். கரம்பொன் றெஜினா.”

அவள் நிமிர்ந்தாள். என்னை ஓரமாக நிற்கச் சொன்னாள். வரிசை முணுமுணுத்தது. ஒருவர் “சும்மா இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே அக்கா” என்றார். சீருடைக்காரர் ஒருவர் வந்து பார்சலைப் பிரித்தார். புழுக்கொடியலை முகர்ந்தார். வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் என்ன என்றார். வரி வரியாகச் சொன்னேன். முந்தின நாள் கொழும்பில் ஒரு நெட் கஃபேயில் உட்கார்ந்து படித்திருந்தேன்.

திருப்தியாகித் திரும்பக் கட்டுவதற்காகக் கயிற்றை எடுத்தார்.

“விடுங்கள்” என்று கையை நீட்டினேன். “அதை நான் கட்ட வேண்டும்.”